கொட்டாத முடி

அந்தச் சேர்ல ஆரும் வரலீங்களே? அப்பச் சரி, உக்காந்துக்கறேன். முன்னால காலியாத்தான் கெடக்குது, நானும் பாத்தேன். வேண்டாமுங்க. இந்த ஸ்பீக்கர் பொட்டி மறைவு எனக்குத் தோதா இருக்குது. முன்னால போயி உக்காந்தா அவ பாத்துருவா.

ஆரா? என்ற ஊட்டுக்காரிதானுங்க. அதா, அந்த வேப்பமரத்துக்குக் கீழ பச்சைச் சேலை கட்டிட்டுப் பொம்பளைங்க நிக்கறாங்கல்ல, அதுல ஒருத்தி மட்டும் கிராப்புத் தலையோட நிக்கறா பாருங்க, அவதான். அமராவதி. நீங்களும் ஆராச்சும் ஆடறதைப் பாக்கத்தான் வந்தீங்களா? மருமகளா? காங்கயத்துல இருந்தா? அவ்வளவு தூரத்துல இருந்து மாமனாரு வந்து பாக்கறீங்க, நல்ல விசயம். வள்ளி கும்மி அரங்கேத்தம்னா இப்பெல்லாம் கல்யாணத்துக்கு வர்றாப்பல கூட்டம் வருதுங்க. எனக்குத்தான் அழைப்பு இல்லை.

வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. வரக் கூடாதுன்னே சொல்லிப்போட்டா. "நீங்க வந்தா நான் ஆட மாட்டேன்"னு சொல்லியிருந்தாலாச்சும் பரவால்லைங்க. "நீங்க வந்தா என்னைய ஆட உட மாட்டீங்க"ன்னா. இத்தன சனத்துக்கு மத்தியில நான் என்னங்க பண்ணிப்போடுவேன்? இந்தப் பையவா பாக்கறீங்க? ஒண்ணுமில்லீங்க. பிளாஸ்குல சுடுதண்ணி, ஒரு சொட்டரு, குளுக்கோசு, ஒரு துண்டு. கொடை ஒண்ணும் இருக்குது. மழை வராதுன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு இதுக்கு எடுத்து வெச்சேன்.

நமக்குச் சிவகிரிக்குப் பக்கத்துல கடைங்க. உரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாம் இருக்குது. சென்னியப்பன் கடைன்னு கேட்டா பச்சைப் புள்ளையும் வழி சொல்லும். ஒருத்தன் வந்து "அண்ணா, களைக்கு மருந்து குடுங்க"ன்னு கேட்டா நான் எடுத்த எடுப்புல எடுத்து நீட்ட மாட்டேனுங்க. என்ன பயிரு, என்ன களை, நட்டு எத்தன நாளாச்சு, எல்லாம் கேட்டுத்தான் குடுப்பேன். ஏன்னா ஒரு மருந்து அடிச்சா களை மட்டும் கருகும், பயிரு அது பாட்டுக்கு நிக்கும். இன்னொரு மருந்து இருக்குது, அது வரப்புக்கும் தரிசுக்கும் அடிக்கறது. பச்சையா எது இருந்தாலும் ஒட்டுக்கா எரிச்சுப்போடும். அதைப் போயி மஞ்சக்காட்டுக்குள்ள அடிச்சுட்டு வந்து என்ற கடைப் படியில உக்காந்து அழுதவியல்லாம் இருக்கறாங்க. நல்லா நாலு திட்டுத் திட்டித்தான் ஊட்டுக்குத் தாட்டி உடுவேன். இந்த விசயத்துல என்னைய மிஞ்சறதுக்கு எங்க பக்கம் ஆளில்லீங்க.

சரி, அவ கதைக்கு வாரேன். போன ஐப்பசியில வயித்துல என்னமோ கனமா இருக்குதுன்னா. நம்மூரு டாக்டரு அமுக்கிப் பாத்துட்டு, கோயமுத்தூரு போயிருங்கன்னுட்டாரு. அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வயித்தத் தொறந்து கட்டிய எடுத்தாங்க. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்குது, அந்த ரிசல்ட்டப் பாத்துட்டுத்தான் என்ன மருந்துன்னு சொல்லுவோம்னாங்க. டாக்டர் தமயந்தின்னு ஒரு அம்மா, வயசு கம்மி, என்னைய மட்டும் ரூமுக்குள்ள கூப்பிட்டு, கேன்சருதான்னு சொன்னாங்க. சேர்ல இருந்து எந்திரிக்கவே சித்த நேரமாச்சு.

அவகிட்டச் சொல்லலை. "சாதாரணக் கட்டிதான் அம்மணி, எடுத்தாச்சு"ன்னேன். "சரி மாமா"ன்னா. வேற ஒண்ணும் கேக்கலை. ஆஸ்பத்திரி வாசல்ல புற்றுநோய்னு ஆளு ஒசரத்துக்கு எழுதி வெச்சிருக்கறாங்கதான். அவளும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவதான். இருந்தாலும் அவ கவனிச்சிருக்க மாட்டான்னுதான் நான் நெனச்சுட்டிருந்தேன். சிரிக்காதீங்க. அன்னைக்கு அப்பிடித்தான் தோணுச்சு.

இங்கதானுங்க பழனி விவகாரம் ஒண்ணு வருது. அவள ஆப்பரேசனுக்குள்ள கொண்டு போனப்ப நான் வெளிய நின்னுட்டு, "முருகா, இவள நல்லபடியா வெளிய அனுப்பு, முடி எறக்கறேன்"னு வேண்டிக்கிட்டேன். வேண்டிட்டு என்ற தலையத் தடவிப் பாத்தேன். நீங்களே பாருங்க, இதுல முருகனுக்குக் குடுக்கறதுக்கு என்ன இருக்குது? காதோரத்துல இருக்கற நாலு முடியக் கொண்டு போயிக் குடுத்தா அவரு என்ன நெனப்பாரு? அவளுக்குத்தான் இடுப்புக்குக் கீழ தொங்கற முடி. அதனால அவ முடியவே குடுக்கறேன்னு மாத்தி வேண்டிக்கிட்டேன். அவளக் கேக்கலியான்னா, அவளுக்கு மயக்க மருந்து குடுத்துக் கெடத்தியிருக்கறப்ப எப்பிடிங்க கேக்கறது?

வேண்டுதல்னா ஒடம்பு தேறுன பொறகு செய்யறதுதான். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனா எங்கூர்ல கேன்சருக்கு மருந்து ஏத்துனவிய ரெண்டு மூணு பேரு இருக்கறாங்க, அத்தன பேருக்கும் முடி கொத்துக் கொத்தாக் கொட்டிப் போச்சு. இவளுக்கும் மருந்து ஏத்துனா கொட்டத்தான போவுது? முருகனுக்குன்னு சொல்லி வெச்சத பாத்ரூம் சாக்கடையில உடறதா? மருந்து முந்திக்கறதுக்குள்ள நாம முந்திக்கோணும்னு எனக்குப் பட்டுது. அப்ப நல்ல ரோசனையாத்தான் இருந்துதுங்க. என்ற மச்சினங்கிட்டக் கூடப் பெருமையாச் சொன்னேன்.

தையல் ஆறி அவ நல்லா நடக்க ஆரம்பிச்சதும் ஒரு வாடகைக் காரு புடிச்சுப் பழனிக்குக் கூட்டிட்டுப் போனேன். கட்டிக் குடுத்த நம்ம புள்ளையோட பிரசவத்துக்கு வேண்டுனதுன்னு ஒரு பொய்யச் சொன்னேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "மொட்டைதான் வேண்டிக்கிட்டீங்களா மாமா, பூமுடின்னு வேண்டிக்கலியா?"

பூமுடின்னா பொம்பளைங்க நுனியில நாலு விரக்கடை மட்டும் வெட்டிக் குடுக்கறதுங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும். எனக்கு அது அப்ப நெனப்புக்கே வரலை. ஒட்டுக்கா எறக்கறேன்னுதான வாயில வந்துது. "சாமிகிட்டப் போயி மாத்திப் பேச முடியுமா அம்மணி"ன்னேன். அவ பலகையில உக்காந்து தலையக் குடுத்தா. சந்தனம் பூசிட்டு எந்திரிச்சு வந்து என்ற பக்கத்துல நின்னு, அவ தலையையும் என்ற தலையையும் ஒருக்காப் பாத்துட்டு, "இப்பத்தான் மாமா நமக்குப் பொருத்தம் சரியா அமைஞ்சிருக்குது"ன்னா. அவளுக்கு அந்தக் குசும்பு மட்டும் எந்த ஆஸ்பத்திரியிலயும் கொறையாது.

அடுத்த வாரம் ரிசல்ட்டு வந்துருச்சுன்னு கூப்பிட்டாங்க, போனோம். டாக்டரம்மா அவளப் பாத்ததும், "என்னம்மா, வேண்டுதலா?"ன்னு கேட்டாங்க. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் பேசிட்டேன். "மருந்து ஏத்துனா எப்பிடியும் கொட்டிப் போறதுதானுங்க. அதான் முன்கூட்டியே சாமிக்குக் குடுத்துட்டோம்"னேன். பேசி முடிச்ச பொறகுதான், இது அவளுக்குத் தெரியாத சங்கதியாச்சேன்னு நாக்கைக் கடிச்சேன். அவ என்ற பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "முடி கொட்டும்னு உங்களுக்கு யாரு சொன்னது? இவங்களுக்குக் கீமோவே இல்லையே. மாத்திரைதான்"னாங்க.

எனக்கு அப்பவும் புத்தி வரலீங்க. "முடி கூடக் கொட்டாதுன்னா அது என்னங்க மருந்து? வீரியம் பத்துமா? நல்லதா ஒண்ணு குடுங்க, நானும் மருந்து விக்கறவன்தான்"னேன். அந்தம்மா கோவிச்சுக்காம உக்கார வெச்சு வெவரமாச் சொன்னாங்க. அந்தக் கீமோ மருந்து இருக்குதல்ல, அது எது வெசையா வளருதோ அதையெல்லாம் போயி அடிக்குமாமா. கேன்சரு வெசையா வளருது, அதனால அடிக்குது. முடியும் வெசையா வளருது, வாய்க்குள்ள இருக்கற தோலும் வயித்துக்குள்ள இருக்கற தோலும் தெனமும் புதுசு புதுசா வளருது, அதனால அதுக்கும் சேந்து அடி உழுது. அதுக்கு ஆளு அடையாளம் தெரியறதில்லை. தேவைப்படற நோய்க்கு அதைத்தான் குடுப்போம், குடுத்துத்தான் ஆவோணும்னாங்க.

ஆனா இவளுக்கு வந்த கட்டி வேற மாதிரியாம். சோதனையில பாத்ததுல, அதுக்குள்ள மோட்டாரு சுச்சு மாதிரி ஒண்ணு நிக்காம ஓடிட்டே இருக்குதாம். அதனாலதான் அது வளந்துட்டே போவுதாம். இந்த மாத்திரை போயி அந்தச் சுச்சத்தான் நிறுத்துமாம். மத்த எடமெல்லாம் பெரும்பாலும் தப்பிச்சுக்கும்னாங்க. "பெரும்பாலும்னா?"ன்னு நான் உடலை. "நல்ல செல்லுலயும் அங்கங்க அந்த மாதிரி சுச்சு இருக்குது, அதனால சின்னச் சின்னத் தொந்தரவு வரும். மொகம் வீங்கும், கொமட்டும். எந்த மருந்தும் ஒரேயடியா யோக்கியம் கெடையாதுங்க"ன்னு சிரிச்சாங்க.

அப்பறம் அவளப் பாத்து, "நீங்க பழையபடி எல்லாம் செய்யலாம்மா. நடங்க, சமைங்க, எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க"ன்னாங்க. அவ, "கும்மி ஆடலாங்களா?"ன்னு கேட்டா. "தாராளமா ஆடுங்க, தையல் நல்லா ஆறியிருக்குது"ன்னாங்க.

வெளிய வந்து காருல ஏறுன பொறகுதான் என்ற பக்கம் திரும்புனா. முந்தானைய வெலக்கித் தலையத் தடவிக்கிட்டே, "மருந்து இதை உட்டு வெச்சிருக்கும் மாமா"ன்னா. அவ்வளவுதான். அவ நாலு திட்டு திட்டியிருந்தாக் கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அதுக்கப்பறம் நான் எவ்வளவு பண்டுதம் பாத்தேன்னு நெனைக்கறீங்க? கோழி வளத்துட்டிருந்தா. கோழில இருந்து என்னமாச்சும் கிருமி வந்துட்டா? ஒட்டுக்காப் புடிச்சு அவ தங்கச்சி ஊட்டுக்கு அனுப்பிட்டேன். செவ்வாக்கெழமை சந்தைக்குப் போவா, அங்க கூட்டம், தும்மல், இருமல். அதை நிறுத்திட்டேன். சொந்தக்காரங்க, ஒறம்பரைக வந்து ஒப்பாரி வெக்கறாங்கன்னு வாசல்லயே நின்னு காப்பி குடுத்து அனுப்பிருவேன். டிவியில ஆராச்சும் ஆஸ்பத்திரியில படுத்தா மனசு கெட்டுப் போயிருமேன்னு சேனல மாத்துனேன். இந்த நாடகத்துல எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் படுக்கறாங்க, அதனால ஒரு நாளு டிவியவே கழட்டி அட்டாலியில வெச்சுட்டேன். வெள்ளெனவே எந்திரிச்சு நானே கஞ்சி காச்சறது. அவ தண்ணி மோந்து குடிக்கப் போனாக் கூட முந்திப் போயி நான் மோந்து குடுத்தறது. எந்தப் புருசன் இப்பிடிப் பாப்பான், சொல்லுங்க.

கும்மி வெவகாரந்தான் பெருசாயிருச்சு. ஊரு மாரியம்மன் கோயல் வாசல்ல பொழுதோட பொம்பளைங்கெல்லாம் கூடிப் பழகுவாங்க. வசந்தாமணின்னு இவ சேக்காளி ஒருத்தி, இவளுக்குப் பக்கத்துலயே நின்னு ஆடறவ. பழக வர்றாளான்னு அவ வந்து கேட்டப்ப இவ தூங்கிட்டிருந்தா. நான் கேட்டுக்கு வெளியவே நிறுத்தி, "அவளுக்கு முடியலம்மா. கும்மி ஆசிரியருகிட்டச் சொல்லிப் பேர எடுத்துருங்க. அவளே சொல்லச் சொன்னா"ன்னுட்டேன். ஆமாங்க, அவ சொல்லலை. அவளக் கேட்டா ஆடறேன்னுதான சொல்லியிருப்பா? குதிச்சுச் சுத்தி என்னமாச்சும் ஆயிருச்சுன்னா?

பத்து நாளு தெரியாமத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒரு நாளு, எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சேலை வந்திருக்குதுன்னு தெருவுல பொம்பளைங்க வாங்கிட்டுப் போறதைப் பாத்திருக்கறா. "எனக்கு எங்கடி?"ன்னு கேட்டிருக்கறா. "நீதான வேண்டாம்னியாமா"ன்னு வசந்தாமணி சொல்லிப்போட்டா.

அன்னைக்கு நான் கடைய முடிச்சு ஊட்டுக்கு வந்தேன். காப்பி போட்டுக் கொண்டாந்து வெச்சா. நேரா எதுக்க உக்காந்தா. சத்தமெல்லாம் போடலீங்க. சத்தம் போடறவ இல்ல அவ. "மாமா, எனக்குக் கேன்சருன்னு ஆஸ்பத்திரிக்குள்ள நொழையறப்பவே எனக்குத் தெரியும். நீங்க பயந்துருவீங்கன்னுதான் கேக்காம இருந்தேன்"னா. "டாக்டரம்மா குடுத்த மாத்திரை என்னைய முன்னப் பின்னப் பாத்ததில்லை. அதே உள்ள போயி எது கெட்டது எது நல்லதுன்னு பாத்துத்தான் தொடுது. நீங்க இத்தன வருசமா என்ற கூடவே இருக்கறீங்க. வரப்புக்கு அடிக்கற மருந்தையே என்ற மேல அடிச்சுட்டிருக்கறீங்க. கோழி போச்சு, சந்தை போச்சு, முடி போச்சு, இப்பக் கும்மியும் போச்சு. நோயி என்ற கிட்டயிருந்து இதுல ஒண்ணையும் எடுக்கலை மாமா"ன்னா.

எப்பிடிக் கேட்டுப்போட்டா பாருங்க. என்ற கடைப் பேச்சையே எடுத்து என்ற மேல அடிக்கறா. மனசு பொக்குனு போயிருச்சு. நான் என்ன கெட்டதா பண்ணுனேன்? அவ இருக்கோணும், அவ்வளவுதானுங்க எனக்கு. அவ ஆப்பரேசன்னு ஆஸ்பத்திரியில இருந்தப்ப, துணி எடுக்கறதுக்கு நான் மட்டும் ஒரு நாளு ஊட்டுக்கு வந்தேன். கதவத் தொறந்து உள்ள போயி லைட்டப் போட்டேன். எதும் எடம் மாறலை, எல்லாம் வெச்சது வெச்ச எடத்துல இருந்துது. அங்க நின்னு அழுதனுங்க. அதுக்கப்பறம் எனக்கு எதையும் பிரிச்சுப் பாத்து ரோசிக்கத் தோணலை. எதைப் பாத்தாலும் பயமாத்தான் இருந்துது.

அதை அவகிட்டச் சொன்னீங்களாவா? இல்லீங்க. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

கடைசியா ஒண்ணு சொன்னா. "இன்னொருக்கா என்ற காரியத்துல குறுக்க வந்தீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். மாத்திரைய அங்க இருந்து முழுங்கிக்கறேன்"னா. மெரட்டறதுக்குச் சொன்னான்னு நெனைக்கறீங்களா? அவ இதுவரைக்கும் சொல்லிச் செய்யாததுன்னு ஒண்ணு கெடையாதுங்க. மறுநாளே போயி ஆசிரியருகிட்டப் பேசிப் பேரச் சேத்துட்டா. முடி அப்பத்தான் மொளைக்குது, முக்காடு கூடப் போடலை. நான் ஈரோட்டுக்குப் போயி ஒரு சவுரி டோப்பா வாங்கிட்டு வந்து குடுத்தேன். "நீங்க வெச்சுக்குங்க மாமா, உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கும்"னுட்டா.

அதா, எறங்கிட்டாங்க பாருங்க. மைக்குல பாட ஆரம்பிச்சாச்சு. உங்க மருமக எந்த வரிசைங்க? அந்தக் கடைசிப் புள்ளையா, நல்லா ஆடுது. அமராவதியப் பாருங்க, ரெண்டாவது வரிசை. மொகம் உப்பியிருக்குதல்ல, அது அந்த மாத்திரையால. கைத்தட்டு பாருங்க, ஒரு அடி பெசகாது. கண்ணாலம் ஆன புதுசுல கூட அவ இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லைங்க. நான் பாக்கலையா, அவ சிரிக்கலையா, தெரியலை.

இப்பப் பாட்டு வெசையாவுது. இந்தப் பாட்டுக்குத்தான் சுத்திச் சுத்தி ஆடோணும். குனியறா, திரும்பறா, தட்டறா. நல்லாத்தான் ஆடறா.

ஏனுங்க, அவ காலு இழுக்கறாப்பல இல்லீங்க? எடது காலு. ஆமாங்க, கெண்டைக்காலு புடிச்சுக்குச்சு. இதும் அந்த மாத்திரை பண்ற வேலைதான். வெடியால நேரத்துல இப்பிடித்தான் புடிக்கும், நான் நீவி உட்டா நின்னுரும். பக்கத்துல வசந்தாமணி கவனிக்காமத் தட்டிட்டிருக்கறா பாருங்க. ஆசிரியரும் பாக்கலை. சித்த இருங்க, நான் போயி.

இந்தப் பக்கம் பாக்கறா. நேரா இந்தப் பொட்டியத்தான் பாக்கறா. நான் இங்க இருக்கறது அவளுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குது.

நொண்டிட்டுத்தான் திரும்பறா. ஆனாத் தட்டறது நிக்கலை. பல்லக் கடிச்சுட்டு ஆடறா. இப்ப நான் போனா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, வட்டத்த உட்டு வெளிய வந்துருவா. என்ற கூட ஊட்டுக்கு வந்து படுத்துட்டு, நாளைக்கு அண்ணன் ஊட்டுக்குக் கெளம்பிருவா. தெரியுது. தெரிஞ்சும் காலு எந்திரிக்குதுங்க.

நீங்க ஒரு ஒதவி பண்ணுங்க. இந்தப் பைய அக்கட்டால தள்ளி வெச்சுட்டு, என்ற கையப் புடிச்சுக்குங்க. இன்னும் கெட்டியா. எந்திரிச்சன்னா இழுத்து உக்கார வெய்ங்க, நான் திட்டுனாலும் உட்ராதீங்க. இந்தப் பாட்டு முடியற வரைக்கும்.